ராத்திரியில் கத்துவது பக்கிதானா? சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாயங்காலம் பறவை பார்க்க வருகிறவர்களும், பாதி ராத்திரியில் ஒலிப்பதிவு அனுப்பி "இது என்ன?" என்று கேட்கிறவர்களும் பக்கியைப் பற்றிச் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டுவதை விட ஓர் இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சார், பக்கின்னா என்ன? ஆந்தையில ஒரு வகையா?

இல்லை. பக்கி (ஆங்கிலத்தில் நைட்ஜார்) வேறொரு பறவை. இரவில் நடமாடுவது ஒன்றுதான் இரண்டுக்கும் பொது. ஆந்தைக்கு வளைந்த அலகும், இரையைப் பிடிக்க வலுவான கால் நகங்களும் உண்டு. பக்கிக்கு அலகு இருப்பதே தெரியாது; ஆனால் வாயைத் திறந்தால் கண்ணுக்குக் கீழே வரை பிளக்கும். வாயோரத்தில் விறைத்த மயிர்கள் இருக்கும். அந்துப்பூச்சி, வண்டு, மழைக்குப் பின் கிளம்பும் ஈசல் எல்லாவற்றையும் பறந்தபடியே வாயில் வாங்கிக்கொள்ளும். கால்கள் குட்டை, வலுவும் இல்லை. தரையில் நாலு அடி நடப்பதே அதற்குச் சிரமம்.

உட்காரும் விதமும் வேறு. ஆந்தை நிமிர்ந்து உட்காரும். பக்கி தரையோடு வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கும். மரத்தில் உட்கார்ந்தாலும் பெரும்பாலும் கிளைக்குக் குறுக்கே உட்காராது, கிளையின் நீளவாக்கில் படுக்கும்.

இதெல்லாம் சென்னையில இருக்கா, இல்ல காட்டுக்குப் போகணுமா?

இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய ஐஐடி வளாகமும், நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர் பக்கத்துக் காடு, தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரி வளாகம் என்று முட்புதரும் வெட்டவெளியும் கலந்த இடங்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. கிண்டிப் பூங்கா மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதன் உலர்ந்த பசுமைமாறாப் புதர்க்காடு இந்தப் பறவைக்குத் தோதான இடம். ஓஎம்ஆர், ஈசிஆர் பக்கம் வீடு கட்டாமல் கிடக்கும் மனைகளிலும் ஏரிக்கரைப் பொட்டல்களிலும்கூடக் கேட்கலாம். அங்கே அடுத்த வருஷமும் கேட்குமா என்பது மனைக்காரர் கையில் இருக்கிறது.

ஆனால் ஒன்று: பூங்காவுக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் அனுமதியில்லாமல் இருட்டில் நுழையக் கூடாது. அதற்கு அவசியமும் இல்லை. வேலிக்கு வெளியே சாலையோரத்தில் நின்றாலே குரல் வந்து சேரும். பேன்ட், ஷூ, டார்ச் மூன்றும் கட்டாயம். சருகில் மறைந்து கிடப்பது பக்கி மட்டும் இல்லை, கண்ணாடி விரியனும்தான்.

பகல்ல எவ்வளவு தேடியும் கண்ணுக்கே தெரியலையே. எங்க தேடுறது?

உண்மையைச் சொன்னால், தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள் குறைவு. காலடியிலிருந்து அது கிளம்பும்போதுதான் பெரும்பாலானவர்கள் பார்க்கிறார்கள். சாம்பல், பழுப்பு, கறுப்பு, மணல் நிறம் எல்லாம் கலந்த உடம்பு. சருகு விழுந்த தரையில் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்பதே தெரியாது. உங்களைப் பார்த்ததும் பறக்காமல் கண்ணைக் கீற்றாக மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அந்தப் பெரிய கறுத்த கண் திறந்திருந்தால் நாம் கண்டுபிடித்துவிடுவோம், அதனால்தான் மூடிக்கொள்கிறது.

முழுப் பறவையைத் தேடாதீர்கள். தரையில் பொருந்தாத ஒரு சிறு விஷயத்தைத் தேடுங்கள்: தொண்டையின் இருபுறமும் இருக்கும் வெள்ளைத் திட்டு, தோளோரம் வரிசையாக ஓடும் வெளிறிய கோடுகள், இறக்கை நுனிகள் வாலின் மேல் ஒன்றோடொன்று சேரும் இடம். புதர் நிழலும் வெயிலும் புள்ளிபுள்ளியாக விழும் தரையில், உடைந்த கிளைகளுக்கு நடுவில், கல்குவாரி ஓரச் சரளையில் பாருங்கள். ஒரு தடவை பார்த்த இடத்தைக் குறித்து வையுங்கள். தொந்தரவு இல்லாவிட்டால் அதே இடத்துக்கு மறுநாளும் வந்து படுக்கும் பழக்கம் அதற்கு உண்டு.

எத்தனை மணிக்குப் போனா கேக்கும்?

சூரியன் மறைந்து கால் மணி முதல் முக்கால் மணி நேரம் வரை. அடுத்து, விடிவதற்கு முந்தைய அரை மணி. சென்னையில் நவம்பர் கடைசியில் 5.40-க்கே சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் 6.40 ஆகும். ஆகவே "ஏழு மணிக்கு வரேன்" என்று வருஷம் முழுக்க ஒரே நேரம் வைத்துக்கொள்கிறவர்களுக்கு நவம்பரில் பெரும்பாலும் ஒன்றும் கேட்காது.

நிலாக் காலம் நல்லது. வெளிச்சத்தில் பூச்சி தெரிவதால் இரவு நெடுகச் சுறுசுறுப்பாக இருக்கும், கத்தவும் செய்யும். அமாவாசையை ஒட்டிய நாட்களில் மாலையிலும் விடிகாலையிலும் மட்டும் தலைகாட்டிவிட்டு அடங்கிவிடும். முதன்முதலாகக் கேட்கப் போகிறவர்களிடம் பௌர்ணமிக்கு முந்தைய நாலைந்து நாட்களைத்தான் சொல்வேன்.

சத்தம் எப்படி இருக்கும்னு எழுத்துல சொல்ல முடியுமா அக்கா?

சென்னையில் நீங்கள் முதலில் நினைக்க வேண்டியது இந்தியப் பக்கி. அதன் குரலை வர்ணிப்பது சுலபம். ஒரு கோலிக்குண்டைச் சிமெண்டுத் தரையில் கைவிட்டுப் பாருங்கள். முதலில் இடைவெளி விட்டுத் தட்டும், பிறகு நெருங்கி நெருங்கி, கடைசியில் கடகடவென்று உருண்டு அடங்கும். "சக்… சக்… சக்.. சக்.சக்.சக்-ர்ர்ர்ர்." வேகம் கூடுவதுதான் அடையாளம். தூரத்தில் கத்தினால் கடைசி 'ர்ர்ர்' காதுக்கு எட்டாமல் போகலாம். அப்போதும் தட்டல்கள் நெருங்கிக்கொண்டே போவது தெரியும்.

பக்கியில் கவனிக்க வேண்டிய மற்ற மூன்று இனங்களையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஜெர்டான் பக்கி "ச்-வூ-வூ" என்று நடுக்கமும் ஈரமும் கலந்த குரலில், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லும். காட்டுப் பக்கி "தக்கூ-தக்கூ-தக்கூ" என்று ஒரே தாளத்தில் போய் நிறுத்தி, மறுபடி தொடங்கும், வேகம் கூடாது. சவானா பக்கி "ச்வீப்!" என்று ஒற்றை அசையில், கூர்மையாக, பெரும்பாலும் பறந்துகொண்டே கத்தும். இதைப் படித்துவிட்டுப் போவதை விட, பறவைக் குரல் பதிவுகள் இருக்கும் சீனோ-கான்டோ தளத்தில் நான்கையும் வரிசையாகக் கேட்டுவிட்டுப் போவது மேல்.

எங்க அபார்ட்மெண்ட்ல ராத்திரி டக் டக் டக்னு கேக்குது. பக்கியா, பல்லியா?

அநேகமாகப் பல்லி. எனக்கு வரும் "பக்கி" ஒலிப்பதிவுகளில் பல்லிக்குத்தான் முதல் இடம். வீட்டுப் பல்லியும் "சக் சக் சக்" என்றுதான் சொல்லும். ஆனால் தட்டல்களுக்கு நடுவே இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், கடைசியில் உருண்டு முடியாது. நாலைந்து தட்டலோடு நிறுத்திவிட்டு வெகு நேரம் சும்மா இருக்கும். சுவரிலிருந்தோ டியூப்லைட் பக்கத்திலிருந்தோ வருகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்த சந்தேகம் மரத்தவளை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர்த் தொட்டி, கிணறு, தேங்கிய குட்டை இருக்கும் இடத்தில் கடகடவென்று தட்டும். ஒன்று தொடங்கினால் இன்னொன்று பதில் சொல்லும். மழை ராத்திரியில் தண்ணீர் பக்கமிருந்து வந்தால் தவளைக்கு வாக்களியுங்கள்.

மூன்றாவது, காதுக்கொம்பு வைத்த சின்ன ஆந்தை ஒன்று உண்டு. "வட்?" என்று ஏதோ கேள்வி கேட்பதுபோல் மென்மையாக ஒற்றைச் சொல், அளந்து வைத்த இடைவெளி, மறுபடி அதே சொல். மரத்தின் மேலிருந்து வரும்.

தலைக்கு மேல கத்திக்கிட்டே பறந்து போச்சு. இதுவும் பக்கியா?

உரக்க, படபடப்பாக, "டிட்-டிட்-டிடூயிட்" என்றால் ஆள்காட்டி. அது பகலில் கத்துவது போதாதென்று ராத்திரியும் கத்தும். "குவாக்" என்று ஒரே ஒரு தடித்த குரல் என்றால் ஏரியிலிருந்து இரை தேடிக் கிளம்பிய வக்கா. கீச்சுக்குரலில் விசிலடித்து ஏறிக்கொண்டே போனால் கண்கிலேடி. பொட்டல்வெளிப் பறவைதான், பக்கி இருக்கும் இடத்திலேயே அதுவும் இருக்கும். சித்திரை வைகாசியில் விடியற்காலம் மூன்று மணிக்குக் கத்துவது குயில், அதற்கு விளக்கம் வேண்டாம்.

பக்கி பறக்கும்போது பெரும்பாலும் சத்தமே வராது. இறக்கையடியும் கேட்காது. விதிவிலக்கு, மேலே சொன்ன சவானா பக்கியின் "ச்வீப்". இந்தியப் பக்கியும் எப்போதாவது "க்விட்-க்விட்" என்று சின்னதாகச் சொல்லும்.

டார்ச் அடிச்சேன், கண்ணு சிவப்பா மின்னுச்சு. கண்டிப்பா பக்கிதானே அண்ணா?

கண்டிப்பா என்று சொல்ல முடியாது. எதிரொளிக்கும் கண்கள் நிறைய. புல்லில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடிப்பொடியாக மினுங்குவது சிலந்தி. இடுப்பு உயரத்தில் ஜோடியாக நின்று, பிறகு திரும்பினால் புள்ளிமான். கிண்டிப் பக்கம் இந்தக் குழப்பம் சகஜம். தரையோடு ஒட்டி, செம்மஞ்சள் நிறத்தில், அநேகமாக ஒரே ஒரு கண் மட்டும் எரிந்தால் பக்கியாக இருக்கலாம். ஒரு கண் ஏன் என்றால், கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. அது நமக்குப் பக்கவாட்டில் படுத்திருந்தால் மறு கண் தெரியாது.

டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் கண் மின்னுவது தெரியாது. வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போவதால், டார்ச் உங்கள் கண் மட்டத்தில், கன்னத்தை ஒட்டி இருக்க வேண்டும். தலையில் கட்டும் விளக்கு இன்னும் வசதி. பார்த்தாயிற்று என்றால் வெளிச்சத்தை உடனே இறக்கிவிடுங்கள். கண் கூசிப்போன பறவை தடுமாறி வண்டியில் மோதியும் போகும்.

தார் ரோட்டுலயே ஏன் வந்து உட்காருது? அடிபட்டதோன்னு நினைச்சேன்.

பகல் வெயிலில் சூடான தார் ராத்திரியிலும் வெதுவெதுப்பாக இருக்கும். சுற்றிலும் புதர் மறைக்காததால், வானத்தைப் பின்னணியாக வைத்து மேலே பறக்கும் பூச்சியைப் பார்க்க வசதி. எழும்பிப் பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும். வண்டி கிட்டே வரும்வரை அசையாமல் கிடப்பதும் மூன்றாம் பதிலில் சொன்ன அதே பழக்கம்தான். சருகில் அது உயிரைக் காப்பாற்றும், சாலையில் உயிரை வாங்கும். காட்டோரச் சாலையில் இருட்டில் போனால் வேகத்தைக் குறையுங்கள்.

பறக்கும்போது இறக்கையில வெள்ளைப் புள்ளி தெரிஞ்சுது. அதை வெச்சு எந்தப் பக்கின்னு சொல்லலாமா?

பக்கி என்று சொல்லலாம். எந்தப் பக்கி என்று சொல்வது கஷ்டம். நான்கு இனங்களிலும் ஆணின் இறக்கை நுனிக்கு அருகே வெளிறிய புள்ளி உண்டு. வால் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். வாலின் வெளியோர இறகுகள் ஏறக்குறைய முழுக்க வெள்ளையாகத் தெரிந்தால் சவானா பக்கி ஆண். ஓர இறகுகளின் நுனி மட்டும் வெள்ளை என்றால் மற்ற மூன்றில் ஏதோ ஒன்று. பெண் பறவைகளில் இந்த வெள்ளை பல சமயம் மங்கல், சவானா பக்கியின் பெண்ணில் வாலில் வெள்ளையே கிடையாது. ஆகவே "வெள்ளை தெரியவில்லை" என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

உருவமும் உதவும். இந்தியப் பக்கி சுமார் 24 சென்டிமீட்டர், மைனா அளவு, வால் குட்டை. ஜெர்டான் பக்கி அதைவிடப் பெரிது, வாலும் நீளம். இருட்டில் தனியாகப் பறக்கும் பறவையின் அளவைச் சரியாகச் சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது நல்ல போட்டோ கிடைச்சிருக்கு. இப்பவாவது சொல்லலாமா மேடம்?

சொல்லலாம், பின்கழுத்து தெரிந்தால். பிடரியில் மணல் நிறத்தில் தெளிவான பட்டை, வெளிறிய உடம்பு, குட்டை வால், வாலின் நடு இறகுகளில் அதிகக் கோடுகள் இல்லை என்றால் இந்தியப் பக்கி. பிடரியில் செம்பழுப்பு ஏறியிருந்து, வால் நீளமாக, பட்டைபட்டையாக இருந்தால் ஜெர்டான் பக்கி. உடம்பு மொத்தமும் கருஞ்சாம்பலாக, கழுத்துப் பட்டை எடுப்பாகத் தெரியாமல் இருந்தால் காட்டுப் பக்கியை யோசியுங்கள். அது மரம் அடர்ந்த இடத்தை விரும்பும். சவானா பக்கி எந்த இடத்திலும் எடுப்பான அடையாளம் இல்லாமல் ஒரே பழுப்பாக இருக்கும்.

மஞ்சள் தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நிறத்தை நம்பாதீர்கள். அதில் எல்லாமே ஜெர்டான் பக்கிதான். இன்னொன்று, கையிலிருக்கும் புத்தகம் பழையது என்றால் ஜெர்டான் பக்கி அதில் தனி இனமாக இருக்காது. நீள்வால் பக்கியின் கிளையினமாகப் போட்டிருப்பார்கள். இன்று அது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய தனி இனம். பெயருக்குரிய தாமஸ் ஜெர்டான் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக இருந்தவர். இந்தப் பறவையை 1845-இல் விவரித்தார்.

மெர்லின் ஆப் வேற ஏதோ பேர் காட்டுது. நம்பலாமா?

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் அந்தச் செயலி ஒரு யோசனை சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேன் சத்தம், சில்வண்டு, மெட்ரோ, பக்கத்து வீட்டு ஏசி எல்லாம் கலந்த பதிவில் அது தடுமாறும். அது சொன்ன இனத்தின் பதிவை அங்கேயே போட்டுக் கேட்டு, உங்கள் பதிவோடு ஒப்பிடுங்கள். ஹெட்போனில் கேளுங்கள், பறவைக்குக் கேட்க வேண்டாம். வேகம் கூடுகிறதா, ஒரே தாளமா என்ற ஐந்தாம் பதிலின் சோதனையே பெரும்பாலும் போதும்.

பதிவு செய்யும்போது குறைந்தது ஒரு நிமிஷம் ஓட விடுங்கள். மூன்று நொடிப் பதிவில் பல்லியும் பக்கியும் ஒன்றுதான். முடிவில் உங்கள் குரலிலேயே இடம், நேரம், பறவை தரையிலிருந்தா மரத்திலிருந்தா என்று சொல்லி வைத்தால், கேட்கிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

குரலை ஸ்பீக்கர்ல போட்டா கிட்ட வருமாமே?

வரும். எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து விரட்ட வரும். இரை தேட அதற்குக் கிடைக்கும் நல்ல நேரம் மாலையில் அந்தக் கொஞ்ச நேரம்தான். அதை உங்கள் ஸ்பீக்கரோடு சண்டை போட்டுச் செலவழிக்கும். முட்டையோ குஞ்சோ இருந்தால் இன்னும் மோசம். நான் போடுவதில்லை, என்னோடு வருகிறவர்களையும் போட விடுவதில்லை.

காலி மனையில வெறும் தரையில ரெண்டு முட்டை இருந்துச்சு. கூடு கட்டாதா?

கட்டாது. தரையிலேயே, அநேகமாக இரண்டு முட்டை இடும். அடைகாக்கும் பறவையின் நிறம்தான் அதற்குக் கூடு. பறவை எழும்பிவிட்டால் முட்டைகள் காக்கைக்கும் நாய்க்கும் தெரிந்துவிடும். எனவே பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கல் வைத்து அடையாளம் காட்டுவது, படத்தோடு இடத்தைக் குழுவில் போடுவது இரண்டும் வேண்டாம்.

ஆள்காட்டியும் தரையில்தான் முட்டையிடும். ஆனால் அது வழக்கமாக நான்கு, மேலும் தாய் தந்தை இரண்டும் தலைக்கு மேல் வந்து கத்தித் தீர்க்கும். பக்கி சத்தமில்லாமல் கொஞ்ச தூரம் போய், இறக்கை ஒடிந்ததுபோல் தத்தளித்து நடிக்கும். அதன் பின்னால் ஓடாதீர்கள், காலடியைப் பாருங்கள்.

குஞ்சு தனியா கிடந்துச்சு, வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். என்ன கொடுக்கலாம்?

ஒன்றும் கொடுக்காதீர்கள், சோறும் பாலும் நிச்சயம் வேண்டாம். தரையில் கிடப்பது அதற்கு இயல்பு, அநாதை என்று அர்த்தம் இல்லை. காயம் இல்லையென்றால் இருட்டுவதற்குள் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு விலகுங்கள். தாய் அருகில்தான் இருக்கும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்து வனத்துறையிடம் சேர்த்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற பறவை. வீட்டில் வளர்ப்பது குற்றம்.

இதுதானே சாக்குருவி? பாட்டி ஜன்னலைச் சாத்தச் சொல்றாங்க.

அந்தப் பழியைப் பெரும்பாலும் சுமப்பது கூகையும் புள்ளி ஆந்தையும். கட்டடப் பொந்தில் இருந்துகொண்டு கிறீச்சிடுவதால் வந்த வினை. பக்கி வீட்டுப் பக்கமே வராது. கொசு வருகிறது என்றால் ஜன்னலைச் சாத்தலாம்.

ஒரே புதர்லேர்ந்து ரெண்டு விதமா சத்தம் வந்துச்சு. ரெண்டு இனமா இருக்குமா?

இருக்கலாம், ஆனால் முதலில் அப்படி யோசிக்காதீர்கள். ஒவ்வொரு பக்கிக்கும் பாட்டு ஒன்று, சில்லறைச் சத்தங்கள் வேறு. ஜெர்டான் பக்கி நடுவில் தவளை மாதிரி முனகவும் செய்யும். ஏழாம் பதிலில் சொன்ன "க்விட்-க்விட்" போட்டுப் பறந்த பறவையே பத்து நிமிஷம் கழித்துத் தரையில் உட்கார்ந்து தன் வழக்கமான பாட்டைத் தொடங்கும். இரண்டு விதமான முழுப் பாட்டு, ஒரே சமயத்தில், இரண்டு திசையிலிருந்து கேட்டால் மட்டும் இரண்டு இனம் என்று எழுதுங்கள்.

உட்கார்ந்திருந்தது, கத்தல, பறந்து போயிடுச்சு. லிஸ்ட்ல என்ன போடறது? இந்தியப் பக்கின்னு போட்டுடலாமா?

சென்னையில் அது இந்தியப் பக்கியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால் எல்லோரும் அப்படிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போடப் போட, நாளைக்கு ஒரு காட்டுப் பக்கி வலசையில் வந்து இறங்கினாலும் நமக்குத் தெரியாமலே போகும். குரலும் கேட்கவில்லை, பிடரியும் வாலும் பார்க்கவில்லை என்றால் பறவைப் பட்டியல் பதியும் ஈபேர்டு தளத்தில் "பக்கி, இனம் தெரியவில்லை" என்பதற்கான பொதுப் பதிவு இருக்கிறது, அதைப் போடுங்கள். குறிப்புப் பகுதியில் நேரம், நிலா இருந்ததா, தரையா கிளையா, வாலில் வெள்ளை தெரிந்ததா என்று நாலு வரி எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய் நின்றால் கத்தவும் கூடும். பதிவை அப்போது திருத்திக்கொள்ளலாம்.